திறந்த கல்வி வளங்கள்: திட்டம் எழுதும் முன் வகையைப் பிரியுங்கள்

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடக் குறிப்புகளை இணையத்தில் இலவசமாக வைக்கப்போவதாக 2001 ஏப்ரலில் அறிவித்தது. அமெரிக்கத் தொழிலாளர் துறை 2011 முதல் சமுதாயக் கல்லூரிகளுக்கு மானியம் வழங்கியபோது, அந்தப் பணத்தில் உருவாகும் பாடப்பொருள் சிசி பை உரிமத்தில் (ஆக்கியவர் பெயரைக் குறிப்பிட்டு யாரும் எடுத்தாளவும் மாற்றவும் இடம் தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் பொது உரிமம்) வெளிவர வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. கர்நாடகத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ஒரு விக்கி தளத்தில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பாடத் துணைப்பொருள்களை எழுதிச் சேர்த்தார்கள். குழந்தை நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015 செப்டம்பரில் ஸ்டோரிவீவர் தளத்தைத் திறந்து, தன் குழந்தைக் கதைகளை யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம் என்றது. யுனெஸ்கோ 2019 நவம்பரில் திறந்த கல்வி வளங்கள் பற்றித் தன் உறுப்பு நாடுகளுக்கு ஒரு பரிந்துரையை நிறைவேற்றியது.

இவை அனைத்தையும் 'திறந்த கல்வி வள முன்னெடுப்பு' என்றே அழைக்கிறோம். ஆனால் ஒன்றுக்குத் தேவைப்படும் ஆள் மற்றொன்றுக்குத் தேவையில்லை. ஒன்றின் வெற்றியைக் காட்டும் அளவுகோலை மற்றொன்றுக்கு வைத்தால் பொருளே இருக்காது. கல்லூரிகளும் அறக்கட்டளைகளும் எழுதும் திட்ட அறிக்கைகளில் திரும்பத் திரும்பக் காணும் குறை இங்கிருந்துதான் தொடங்குகிறது. 500 காணொளி, ஒரு களஞ்சியம், ஆசிரியர் பயிற்சி, கொள்கை வரைவு என நான்கு வகை வேலையையும் ஒரே வரவு செலவுத் திட்டத்தில், ஒரே இரண்டாண்டுக் கெடுவில் அடைத்துவிடுகிறார்கள். கடைசியில் காணொளிகள் மட்டும் முடிந்திருக்கும். மற்ற மூன்றும் பெயரளவில் நிற்கும்.

எது உள்ளே, எது வெளியே

வகை பிரிப்பதற்கு முன் எல்லையைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 2002 ஜூலையில் பாரிசில் யுனெஸ்கோ கூட்டிய கருத்தரங்கில்தான் இந்தப் பெயரே புழக்கத்துக்கு வந்தது. 2019 பரிந்துரை தரும் வரையறைப்படி, ஒரு கற்றல் பொருள் பதிப்புரிமை இல்லாத பொதுச்சொத்தாக இருக்க வேண்டும், அல்லது திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டிருக்க வேண்டும். காசு கொடுக்காமல் அணுகவும், மறுபடி பயன்படுத்தவும், வேறு தேவைக்கு ஏற்ப மாற்றவும், மற்றவர்களுக்குப் பகிரவும் அந்த உரிமம் இடம் தர வேண்டும். திறந்த கல்வி ஆய்வாளர் டேவிட் வைலி இதையே ஐந்து உரிமைகளாகச் சொல்கிறார்: பிரதியை வைத்துக்கொள்ளலாம், பயன்படுத்தலாம், திருத்தலாம், வேறொன்றோடு கலக்கலாம், பகிரலாம்.

இந்த வரையறையை வைத்துப் பார்த்தால் நாம் திறந்தவை என்று நினைத்திருக்கும் பலவும் வெளியே போய்விடும். என்சிஇஆர்டி பாடநூல்களை யாரும் இலவசமாகத் தரவிறக்கலாம். ஆனால் பதிப்புரிமை என்சிஇஆர்டியிடமே இருக்கிறது, அனுமதியின்றி மாற்றி வெளியிட முடியாது. யூடியூபின் வழக்கமான உரிமத்தில் கிடக்கும் பாடக் காணொளியும் அப்படித்தான். பெயரில் என்டி ஒட்டிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் மாற்றம் செய்ததை வெளியிட இடம் தருவதில்லை. மொழிபெயர்ப்பும் ஒரு மாற்றம்தான் என்பதால் தமிழுக்குக் கொண்டுவர நினைப்பவருக்கு அந்த உரிமம் மூடிய கதவு.

தென்னாப்பிரிக்காவின் சியாவுலா கணித, அறிவியல் பாடநூல்கள் இந்த எல்லைக்கோட்டை நன்றாகக் காட்டும். ஒரே நூலை இரண்டு வடிவங்களில் வெளியிட்டார்கள். அரசு, புரவலர் சின்னங்கள் தாங்கிய பிரதி சிசி பை-என்டி உரிமத்தில் வந்தது. சின்னங்கள் நீக்கிய பிரதி சிசி பை. தன் பெயர் தாங்கிய நூலில் எவரோ பிழை புகுத்திவிடக் கூடாது என்ற அரசின் கவலையும் தீர்ந்தது, ஆசிரியரின் திருத்தும் உரிமையும் காப்பாற்றப்பட்டது. அரசுத் துறையோடு பேசப் போகிறவர்கள் முதல் கூட்டத்திலேயே இந்த ஏற்பாட்டை மேசைமேல் வைக்கலாம். 'மாற்றிவிடுவார்களே' என்ற தயக்கத்துக்கு இதைவிட நல்ல நடைமுறை விடை எனக்குத் தெரியவில்லை.

செய்யும் வேலையை வைத்துப் பிரிப்பது

யார் நடத்துகிறார், எந்த நாடு, எந்தக் கல்வி நிலை என்று பிரிப்பது எளிது, ஆனால் திட்டமிட உதவாது. பிரிட்டனில் 2009ல் கல்வித் தொழில்நுட்ப அமைப்பான ஜிஸ்க்கும் உயர்கல்வி அகாதமியும் சேர்ந்து தொடங்கிய திறந்த கல்வி வள முன்னோட்டத் திட்டம், மானியத்தைத் தனிநபர், நிறுவனம், பாடத்துறை என்று மூன்று கிளைகளாகப் பிரித்தது. பணத்தைப் பகிர்வதற்கு அது நல்ல பிரிவினை. தனி ஆசிரியர் தன் குறிப்புகளை வெளியிடுவதும், ஒரு பல்கலைக்கழகம் தன் நடைமுறைகளையே மாற்றுவதும், ஒரு பாடத்தைக் கற்பிக்கும் பலர் பல ஊர்களிலிருந்து கூடி உழைப்பதும் வெவ்வேறு அளவிலான வேலைகள் அல்லவா? ஆனால் எந்தக் கிளையில் இருந்தாலும் பெரும்பாலோர் செய்தது வெளியீடுதான். அவற்றைச் சேமித்த தேசியக் களஞ்சியமான ஜோரம் 2016ல் மூடப்பட்டது. களஞ்சியம் என்பது ஆண்டுதோறும் செலவு கேட்கும் சேவை. ஒருமுறை தரும் மானியத்தால் அது உயிர்வாழாது.

திட்டமிடப் பயன்படும் பிரிவினை, ஒரு முன்னெடுப்பு சங்கிலியின் எந்தக் கண்ணியை அசைக்கிறது என்று கேட்பதில் இருக்கிறது. புதிதாக உருவாக்குதல், மொழிபெயர்த்துத் தழுவுதல், திரட்டிப் பாதுகாத்தல், வகுப்பறைக்குக் கொண்டுசேர்த்தல், ஆசிரியரைப் பழக்குதல், விதி வகுத்தல், நிபந்தனையோடு நிதி தருதல் என ஏழு வேலைகள். ஓர் அமைப்பு இரண்டு மூன்று வேலைகளைச் செய்யலாம். ஆனால் முதன்மையானது ஒன்றே ஒன்று என்று எழுத்தில் குறிக்க வேண்டும். பணமோ நேரமோ குறையும்போது எதை விடுவது, எதைக் காப்பது என்று அந்த ஒற்றை வரிதான் சொல்லும்.

யுனெஸ்கோ பரிந்துரை ஐந்து செயல்தளங்களைச் சொல்கிறது: திறன் வளர்ப்பு, ஆதரவான கொள்கை, எல்லோரையும் உள்ளடக்கிய தரமான அணுகல், நீடித்து நிற்கும் முறைகள், பன்னாட்டு ஒத்துழைப்பு. அரசுக்கு அறிக்கை அனுப்புவோர் தங்கள் ஏழு வகையையும் இந்த ஐந்தோடு பொருத்திக் காட்டினால் போதும். உள்வேலைக்கு ஐந்தும் மிக அகலமானவை.

உருவாக்கும் முன்னெடுப்புக்கு ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் நல்ல பாடம். கட்டற்ற மென்பொருள்களைக் கற்பிக்கும் இந்தக் காணொளிகள் சுமார் பத்து நிமிட அளவு கொண்டவை. முதலில் பாடத்திட்டச் சுருக்கம், பிறகு முழு உரை. அந்த உரையை, மென்பொருளை அறியாத ஒருவரிடம் கொடுத்து, அதில் உள்ளபடி செய்துபார்க்கச் சொல்கிறார்கள். அவர் தடுமாறும் இடத்தில் உரை திருத்தப்படுகிறது. அதற்குப் பிறகுதான் ஒலிப்பதிவு. பின்னர் நேரக் குறிப்போடு கூடிய உரையை வைத்துத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் குரல் சேர்க்கிறார்கள். புதியவரைக் கொண்டு சோதிக்கும் அந்த ஒரு படியை நேரமில்லை என்று தவிர்ப்பவர்கள் ஏராளம். உரையில் ஒரு வரியைத் திருத்துவது சில நிமிட வேலை. பதிவான பிறகு திருத்தினால் படப்பிடிப்பு, தொகுப்பு, குரல் என்று எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். மூலத்தில் இருக்கும் ஒரு பிழை எத்தனை மொழிக்குப் போகிறதோ அத்தனை முறை அதன் விலையைக் கொடுப்போம்.

தழுவல் முன்னெடுப்பின் நாடி வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்டோரிவீவர் கதைகள் சிசி பை 4.0 உரிமத்தில், நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. படமும் பக்க அமைப்பும் தயாராக இருப்பதால் மொழிபெயர்ப்பாளர் எழுத்தை மட்டும் கவனித்தால் போதும். ஆனால் ஆங்கிலத்தில் முதல் நிலையாக இருக்கும் கதை தமிழிலும் முதல் நிலையாகவே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஆங்கிலத்தில் இரண்டு மூன்று குட்டிச் சொற்களாக நிற்பது தமிழில் விகுதிகள் சேர்ந்து ஒரே நீண்ட சொல்லாகிவிடும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு அது மலை. எனவே தழுவல் திட்டத்தில் மொழிபெயர்ப்புக்கும் மெய்ப்புக்கும் மட்டும் பணம் ஒதுக்காமல், அந்த வயதுக் குழந்தைகளிடம் வாசித்துப் பார்த்து நிலையை மறுபடி குறிப்பதற்கும் ஒதுக்க வேண்டும்.

வகுப்பறைக்குக் கொண்டுசேர்ப்பதில் தீக்‌ஷா என்ற அரசுக் கல்வித் தளத்தின் கியூஆர் குறி முறை கவனிக்கத்தக்கது. தமிழகப் பாடநூல்களில் அச்சாகியிருக்கும் அந்தக் கட்டத்துக்குள் இருப்பது ஓர் ஆறிலக்கக் குறியீடு. அந்தக் குறியீட்டோடு எந்தப் பாடப்பொருளை இணைப்பது என்பது தளத்தில் தனியாக முடிவாகிறது. புத்தகத்தைத் திரும்ப அச்சடிக்காமலே பொருளை மாற்றலாம், பழுதானதை நீக்கலாம். இந்த இடைப்படி இல்லாமல் காணொளியின் முகவரியையே நேரடியாக கியூஆராக அச்சிடும் பள்ளிகளும் பதிப்பகங்களும் உண்டு. காணொளி இடம் மாறிய அன்றே புத்தகத்தில் உள்ள கட்டம் செத்துவிடும், புத்தகமோ இன்னும் பல ஆண்டுகள் மாணவர் கையில் இருக்கும்.

நிபந்தனையோடு நிதி தரும் வகையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முன்பு சொன்ன அமெரிக்க மானியம் 200 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவானது. விளைந்த பாடப்பொருள்களைச் சேர்த்துவைக்க ஸ்கில்ஸ்காமன்ஸ் என்ற களஞ்சியமும் இருந்தது. உரிமத்தின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. எந்தக் கோப்பு வடிவம், எங்கே ஒப்படைப்பது, எந்தத் தவணைக்கு முன் என்பதையும் மானிய ஒப்பந்தம் சொல்ல வேண்டும். கடைசித் தவணையை ஒப்படைப்புக்குப் பிறகே தருவது நல்ல பழக்கம்.

அளவுகோலும் வகைக்கு ஏற்ப மாற வேண்டும். உருவாக்கும் திட்டத்தைத் தரவிறக்க எண்ணிக்கையால் அளந்தால், தேர்வுக்கு முந்தைய மாதம் மட்டும் சிறப்பாகத் தெரியும். சரிபார்ப்பைத் தாண்டிய பாட அலகுகள் எத்தனை, பிழை சொன்ன பிறகு திருத்த எத்தனை நாள் ஆகிறது என்று கேட்பது பொருத்தம். தழுவலுக்கு, தழுவியதை இன்னொருவர் மறுபடி தழுவினாரா என்று பார்க்கலாம். களஞ்சியத்துக்கு, உடைந்த இணைப்புகளின் விகிதம். பயிற்சிக்கு, வந்தவர் எண்ணிக்கையை விடுத்து, ஆறு மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேர் எதையாவது உரிமத்தோடு வெளியிட்டார்கள் என்பது. கொள்கைக்கு, அந்த விதியைச் செயல்படுத்தப் பொறுப்பான பதவி பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்பது ஒன்றே முதல் ஆண்டில் கேட்க வேண்டிய கேள்வி.

உரிமம்: காகித வேலை முதலில்

எந்த வகையானாலும் உரிமத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். உரிமம் வழங்குபவருக்கு அந்த உரிமை இருக்க வேண்டும் என்ற அடிப்படையே மறந்துபோகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ன் 17ஆம் பிரிவின்படி, பணியின் பகுதியாக ஊழியர் எழுதியது, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை தருபவருக்கு உரியது. வெளியாளாக எழுதிக்கொடுத்தவரின் உரிமை அவரிடமே இருக்கும். ஆகவே பகுதிநேரமாக எழுதிய பாட வல்லுநர், படம் வரைந்தவர், குரல் கொடுத்தவர் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் ஒப்புதல் வேண்டும்.

அந்த ஒப்புதலில் இரண்டு வரிகள் விடுபட்டால் திட்டமே ஆட்டம் காணும். உரிமை மாற்று ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் அது ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும், பரப்பு குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்கிறது அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமோ உலகம் முழுமைக்கும், பதிப்புரிமை உள்ள காலம் முழுமைக்கும் ஆனது. ஐந்தாண்டு இந்திய உரிமையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இலங்கையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழ் ஆசிரியர்களுக்கு நிரந்தர அனுமதி தர முடியாது. 'உலகெங்கும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்' என்ற சொற்களை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கையெழுத்தான ஒப்புதலின் பிரதி, அந்தப் பாடத்தின் கோப்புறையிலேயே இருக்கட்டும்.

எந்த உரிமம் என்ற கேள்விக்கு என் விடை சிசி பை, அல்லது சிசி பை-எஸ்ஏ. மாற்றி வெளியிடுவதும் அதே உரிமத்தில் இருக்க வேண்டும் என்பதே எஸ்ஏ. வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் என்சி பலருக்கு இதமாகத் தெரிகிறது. ஆனால் ஊர்க்கடையில் அச்சடித்து அடக்கவிலைக்கு மேல் சற்று வைத்து விற்பவரும் தயங்க நேரிடும். கலப்பதிலும் அது முட்டுக்கட்டை. அமெரிக்காவின் திறந்த பாடநூல் பதிப்பகமான ஓப்பன்ஸ்டாக்ஸின் நூல்களில் பல சிசி பை, ஆனால் அதன் நுண்கணித நூல் பை-என்சி-எஸ்ஏ. விக்கிப்பீடியா பை-எஸ்ஏ. அந்த நுண்கணித நூலின் ஒரு பகுதியையும் தமிழ் விக்கிப்பீடியாவின் ஒரு பகுதியையும் பிசைந்து ஒரே பாடமாக எழுதினால் அதை எந்த உரிமத்திலும் சட்டப்படி வெளியிட முடியாது, ஏனெனில் இரண்டுமே 'என் உரிமத்தில்தான் வெளியிட வேண்டும்' என்கின்றன. தனித்தனிக் கட்டுரைகளாக ஒரே தொகுப்பில் அடுக்கலாம், பிசையக் கூடாது. இணையப் பாடத் தளமான கான் அகாதமியின் பொருள்களும் பை-என்சி-எஸ்ஏ என்பதால் அதே கட்டுப்பாடுதான். எழுதத் தொடங்கும் முன்பே மூலங்களின் உரிமப் பட்டியலைத் தயாரிப்பது இதற்காகத்தான்.

தமிழ் எழுத்து தரும் தொல்லைகள்

திருத்த உரிமை கொடுத்துவிட்டுத் திருத்த முடியாத கோப்பைக் கொடுப்பது தமிழில் அன்றாடம் நடக்கிறது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பக்கம் பிடிஎஃப் ஆகத் திரையில் அழகாகத் தெரியும். அதிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால் ரோமன் எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் வரும். தேடல் கிடையாது, திரைவாசிப்பு மென்பொருளால் படிக்க முடியாது, பார்வையற்ற மாணவருக்கு அந்தப் பாடம் இல்லவே இல்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழக அரசு 2010லேயே ஏற்றுவிட்டது என்றாலும் அச்சகங்கள் பலவற்றில் பழைய எழுத்துரு இன்னும் உயிரோடு இருக்கிறது. அச்சகத்துக்குத் தரும் பணி ஆணையில், மூலக் கோப்பு யூனிகோடில் வேண்டும் என்றும் திருத்தத்தக்க வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்றும் எழுதிவிடுவது ஒரே வழி.

யூனிகோடு வந்த பிறகும் ஒரு சிக்கல் மிச்சம். 'கௌதமர்' என்பதில் வரும் ஔகாரக் குறிக்குத் தனி இடம் உண்டு. ஆனால் ஒற்றைக்கொம்பைப் போட்டுப் பக்கத்தில் 'ள' எழுத்தைத் தட்டினாலும் கண்ணுக்கு அதே மாதிரித்தான் தெரியும். 'கௌதமர்' என்று தேடுபவருக்கு 'கெளதமர்' என்று பதிந்த பாடம் அகப்படாது. 'கொ' போன்றவற்றில் ஒரே குறியாகவும் இரண்டு துண்டாகவும் சேமிக்கும் வேறுபாட்டை யூனிகோடின் வழக்கமான இயல்பாக்கம் சரிசெய்துவிடும். ஔகாரப் பிழையை அது தொடாது, ஏனென்றால் கணினிக்கு அவை இரண்டும் வெவ்வேறு எழுத்துகள். களஞ்சியத்தில் பதிவேற்றும்போதே இந்தச் சோதனையை ஓட்ட வேண்டும். பிறகு செய்யலாம் என்று விட்டால் பாடத் தலைப்பு, குறிச்சொல், ஆசிரியர் பெயர் எல்லாவற்றிலும் இரட்டைப் பதிவுகள் சேர்ந்துவிடும்.

பதிவேடு

முன்னெடுப்புகளையே பட்டியலிட்ட முயற்சிகளில் பெரியது ஜெர்மனியின் ஹெச்பிஇசட் நூலக மையம் நடத்திய திறந்த கல்வி வள உலக வரைபடம். அமைப்பு, நபர், சேவை, திட்டம், நிகழ்வு, கொள்கை என்று ஒவ்வொன்றையும் தனி வகைப் பதிவாக வைத்து, ஒன்றோடொன்று இணைத்தார்கள். அதுவும் 2022ல் நிறுத்தப்பட்டது. அதன் அமைப்பில் ஒன்று அப்படியே எடுத்தாளத்தக்கது: திட்டத்தையும் சேவையையும் பிரித்தது. திட்டத்துக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. சேவைக்கு முடிவுத் தேதி இல்லை, பொறுப்பாளர் உண்டு. நம் பட்டியல்களில் இரண்டும் ஒரே வரிசையில் கலந்து கிடப்பதால், முடிந்துபோன திட்டத்தின் தளம் இன்னும் இயங்குவது போலத் தோன்றும்.

ஒரு மாவட்டமோ பல்கலைக்கழகமோ தன் பதிவேட்டைத் தொடங்க, பெயர், நடத்துபவர், ஏழில் முதன்மை வகை, துணை வகை, திட்டமா சேவையா, கல்வி நிலை, மொழி, உரிமமும் அதன் பதிப்பு எண்ணும், தொடங்கிய ஆண்டு, நிலைமை, கடைசியாகச் சரிபார்த்த தேதி ஆகிய பதினொரு அட்டவணைப் பத்திகள் போதும். வகைக்கும் நிலைமைக்கும் தட்டச்சு செய்ய விடாமல் தேர்வுப் பட்டியல் வையுங்கள். சுதந்திரமாக எழுதவிட்டால் 'பயிற்சி', 'ஆசிரியர் பயிற்சி', 'பயிலரங்கு' என்று ஒரே பொருள் மூன்று வகையாகிவிடும். 'இதர' என்ற தேர்வு தவிர்க்க முடியாதது, ஆனால் பத்தில் ஒரு பங்கைத் தாண்டி அதில் விழுந்தால் வகைகளைத்தான் திருத்த வேண்டும். முதல் முப்பது பதிவுகளை இரண்டு பேர் தனித்தனியே வகைப்படுத்தி ஒப்பிட்டுப் பார்த்தால், எந்த வகையின் விளக்கம் தெளிவாக இல்லை என்று உடனே தெரிந்துவிடும். தேதிப் பத்தியில் ஓராண்டுக்கு மேல் பழையது எதுவோ அதற்கு நிலைமை தானாகவே 'சரிபார்க்கப்படவில்லை' என்று மாற வேண்டும்.

ஜோரமும் உலக வரைபடமும் மூடப்பட்டதைப் பார்த்த பிறகு, தளம் மூடும் நாளுக்கான ஏற்பாட்டைத் தொடக்க அறிக்கையிலேயே எழுதிவைப்பது நல்லது. மூலக் கோப்புகளின் ஒரு பிரதி நிறுவனத்தின் சேமிப்பில், ஒன்று இன்டர்நெட் ஆர்க்கைவில், படமும் ஒலியும் காணொளியும் விக்கிப்பீடியாவின் சகோதரத் தளமான விக்கிமீடியா காமன்சில். விக்கிமீடியா காமன்ஸ் தளம் சிசி பை, பை-எஸ்ஏ கோப்புகளை ஏற்கும், என்சி, என்டி உரிமம் ஒட்டியவற்றை ஏற்காது. இந்தப் பதிவேற்றத்தை ஆண்டு இறுதிக்கு ஒத்திவைக்காமல் ஒவ்வொரு அலகும் சரிபார்ப்பைத் தாண்டிய வாரத்திலேயே செய்துவிட வேண்டும், அதற்கான ஆள்நேரத்தையும் உருவாக்கச் செலவிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும்.